ஒரு கல்மேட்டின் கொடிவழி

கிராமத்துக் கல்யாண வீட்டுக்குள் புதிதாக ஒரு பையன் நுழைந்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். பதில் வந்ததும் அவர் மனதுக்குள் கணக்கு ஓடிவிடும். அப்படியென்றால் எனக்குப் பங்காளி முறை, அதோ அவளுக்கு மாமன் மகன் முறை என்று இரண்டே நிமிடத்தில் பையனை உறவுக்குள் உட்கார வைத்துவிடுவார்.

இதே கேள்வியைப் பதில் சொல்ல முடியாதவர்களிடம் கேட்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஒரு கல்லறைக்குள் முப்பது நாற்பது பேரின் எலும்புகள் கலந்து கிடக்கின்றன. அவர்கள் இறந்து ஏறக்குறைய 5,700 ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுத்து இல்லாத காலம் என்பதால் பெயரும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. இவர்களில் யார் அப்பா, யார் மகன், யார் வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்? 2021 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கல்லறைக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. ஐந்து தலைமுறைக்கான கொடிவழிப் படமே அதில் இருந்தது. விடையைப் போலவே, அது கிடைத்த வழியும் வியக்க வைப்பது.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் காட்ஸ்வோல்ட்ஸ் என்று சொல்லப்படும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் உள்ளன. அங்கே ஹேசில்டன் என்ற சிற்றூரை ஒட்டிய உழவு நிலத்தில் புதிய கற்காலத்துப் புதைமேடு ஒன்று இருந்தது. ஹேசில்டன் வடக்கு மேடு என்று பெயர். ஆண்டுதோறும் கலப்பை ஓடி ஓடி மேடு தேய்ந்துகொண்டே வந்தது. அடியோடு போவதற்குள் முழுவதையும் தோண்டிப் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆலன் சாவில் என்ற தொல்லியலாளரின் தலைமையில் 1979 முதல் 1982 வரை அகழாய்வு நடந்தது.

சுமார் 50 மீட்டர் நீளம். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டியிருந்தார்கள். நீளவாட்டுப் பக்கங்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நடைவழி உள்ளே போகிறது. எல் வடிவில் திரும்பி, நடுப்பகுதிக்கு அருகே ஒரு கல் அறையில் முடிகிறது. வடக்கு அறைக்கும் தெற்கு அறைக்கும் இடையில் வழி கிடையாது. மேட்டைக் கட்டும்போதே இப்படி இரண்டு பாதியாகத்தான் திட்டமிட்டிருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அறைகளுக்குள் எலும்புக்கூடுகள் முழுதாகக் கிடக்கவில்லை. புதிதாக ஒருவரை வைக்கும்போது பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருவரின் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் இன்னொருவரின் தொடை எலும்பு கிடந்தது. சாவிலின் குழு ஒவ்வோர் எலும்பும் எந்த இடத்தில் கிடந்தது என்று வரைபடத்தில் குறித்து வைத்தது. பழைய உடல்களிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துப் படிக்க முடியும் என்பதையே அன்று யாரும் காட்டியிருக்கவில்லை. அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரை வகையின் தோலிலிருந்து முதன்முதலாக அதைப் படித்ததே 1984-இல்தான். என்றாலும் அந்தக் குறிப்புகள் இல்லையென்றால், நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த டி.என்.ஏ. முடிவுகளில் பாதிக்குப் பொருளே இருந்திருக்காது.

முதலில் காலம். உயிரோடு இருக்கும்வரை நம் உடல் சாப்பாட்டு வழியே கதிரியக்கக் கரிமத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. இறந்த பிறகு வரவு நின்றுவிடும், இருப்பு மட்டும் சிதையும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும். மிச்சத்தை அளந்தால் இறந்த காலம் தெரியும். ஒரே ஓர் எலும்பை அளந்தால் பிழை ஒரு நூற்றாண்டைக்கூடத் தாண்டும். பல எலும்புகளை அளந்து, "இது அதற்கு மேலே கிடந்தது, ஆகவே பிந்தியது" என்ற அகழாய்வுக் குறிப்பையும் கணக்கில் சேர்த்தால் அந்த இடைவெளி சுருங்கும். அப்படிச் சுருக்கியதில், மேடு பொ.ஆ.மு. 3700-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, சில தலைமுறைகளுக்கு மட்டுமே பயன்பட்டது என்று தெரிந்தது. டி.என்.ஏ. ஆய்வுக்கு முன்பே கிடைத்த முடிவு இது.

அடுத்தது டி.என்.ஏ. செத்த உடலில் அது சீக்கிரம் துண்டு துண்டாக உடைந்துபோகும், பெரிய பகைவன் வெப்பம். அரியானாவின் இராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்துப் பார்த்தும், 2019-இல் வெளியான ஆய்வில் ஒரே ஒரு பெண்ணின் டி.என்.ஏ.தான் தேறியது. இங்கிலாந்தின் குளிர் இந்த வகையில் கொடுப்பினை. அங்கேயும் எல்லா எலும்பும் உதவாது. பற்களிலும், காதின் உட்பகுதியைச் சுற்றியிருக்கும் மிகக் கெட்டியான பாறை எலும்பிலும்தான் நன்றாகத் தங்கியிருக்கும். எலும்பைச் சிறிதளவு பொடியாக்கி டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள்.

எடுத்தது பழைய டி.என்.ஏ.தானா, தோண்டியவரின் கையிலிருந்து ஒட்டியதா என்பது எப்படித் தெரியும்? டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் சி என்பது காலப்போக்கில் வேதிமாற்றம் அடைந்து, படிக்கும்போது டி என்று தெரியும். துண்டுகளின் ஓரங்களில் இந்தத் தேய்மானம் அதிகம். நேற்று ஒட்டிய டி.என்.ஏ.யில் அது இருக்காது. இன்னொரு சோதனையும் உண்டு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். ஓர் ஆணின் எலும்பிலிருந்து இரண்டு விதமான எக்ஸ் வந்தால், இன்னொருவருடையது கலந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனைகளைக் கடந்து தேறியவர்கள் 35 பேர்.

இனி உறவைக் கண்டுபிடிக்கும் இடம். இங்கே பூக்கடைக்குப் போய் வருவோம்.

அம்மாவிடம் இரண்டு சரம் பூ இருக்கிறது. ஒன்று மல்லிகை, இன்னொன்று கனகாம்பரம். மல்லிகை அவளுடைய அம்மா கொடுத்தது, கனகாம்பரம் அவளுடைய அப்பா கொடுத்தது. பிள்ளைக்கு அவள் தரவேண்டியது ஒரே சரம். ஆகவே கொஞ்ச தூரம் மல்லிகை, அங்கே வெட்டிக் கொஞ்ச தூரம் கனகாம்பரம், மறுபடி மல்லிகை என்று மாற்றிக் கட்டி, அதே நீளத்துக்கு ஒரு சரம் தருகிறாள். அப்பாவிடம் சாமந்தி ஒரு சரம், அரளி ஒரு சரம். அவரும் இதே மாதிரி ஒன்று கட்டித் தருகிறார். பிள்ளையிடம் மறுபடி இரண்டு சரம் ஆகிவிட்டது. சரம் என்பது குரோமோசோம். மாற்றிக் கட்டுவதற்கு மறுகலப்பு என்று பெயர். அடுத்த பிள்ளைக்குக் கட்டும்போது வெட்டும் இடங்கள் மாறிவிடும். அண்ணனுக்கு மல்லிகை வந்த இடத்தில் தம்பிக்குக் கனகாம்பரம் வரலாம்.

அம்மாவையும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி எந்த இடத்தைப் பார்த்தாலும், பிள்ளையின் இரண்டு பூக்களில் ஒன்று அம்மாவிடம் இருந்தே தீரும். ஓர் இடம்கூடத் தப்பாது. உடன்பிறந்த இருவரைப் பார்த்தால் நிலைமை வேறு. சரத்தின் நீளத்தில் சுமார் கால் பங்கில் அம்மா பூ, அப்பா பூ இரண்டுமே ஒத்துப்போகும். இன்னொரு கால் பங்கில் இரண்டுமே ஒத்துப்போகாது. மீதிப் பாதியில் ஒன்று மட்டும் ஒத்துப்போகும். மொத்தமாகக் கூட்டினால் தாயும் பிள்ளையும் பகிர்வதும் பாதி, அண்ணன் தம்பி பகிர்வதும் பாதிதான். ஒற்றுமை எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும். எங்கும் விடாமல் ஒன்று பொருந்தினால் பெற்றவரும் பிள்ளையும். சில இடத்தில் இரண்டும் சில இடத்தில் சுழியமும் என்றால் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள்.

பழைய டி.என்.ஏ.யில் முழுச் சரமும் கிடைக்காது. மனிதருக்கு மனிதர் வேறுபடக்கூடிய சுமார் 12 லட்சம் இடங்களைக் குறிவைத்துத் தேடுகிறார்கள். அதிலும் பல இடங்கள் வெறுமையாக இருக்கும். இருந்தாலும் நெருங்கிய உறவைச் சொல்ல அது தாராளம்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. இருவர் கால் பங்கு பகிர்ந்தால் அவர்கள் யார்? தாத்தாவும் பேரனுமா, சித்தப்பாவும் அண்ணன் மகனுமா, ஒரே அப்பனுக்கு வேறு வேறு தாய்க்குப் பிறந்தவர்களா? மூன்றுக்கும் அளவு ஒன்றே. இதைப் பிரிக்க வேறு தடயங்கள் வேண்டும். ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிறு டி.என்.ஏ. வளையம் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும். இரண்டு ஆண்களுக்கு ஒய் ஒன்றாகவும் தாய்வழி வளையம் வேறாகவும் இருந்தால், தாய்மாமனும் மருமகனும், ஒரே தாய்க்கு வேறு வேறு அப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பது போன்ற வாய்ப்புகள் விலகும், அப்பன் வழி உறவுக்கான வாய்ப்புகள் கூடும். எலும்பும் சேர்ந்து பேசும். ஐந்து வயதில் இறந்த சிறுவன் யாருக்கும் தாத்தாவாக இருந்திருக்க முடியாது. எல்லாவற்றையும்விட உதவுவது மூன்றாம் ஆள். இருவருக்கும் நடுவே ஒருவர் கிடைத்து, அவர் ஒருவருக்கு மகனாகவும் இன்னொருவருக்கு அப்பனாகவும் இருப்பது தெரிந்துவிட்டால் தாத்தா பேரன் உறவு உறுதி. ஒரே குடும்பத்தில் நிறையப் பேர் கிடைக்கக் கிடைக்க ஒவ்வோர் உறவும் இன்னொன்றை உறுதிப்படுத்தும். எலும்பே கிடைக்காத சிலரைக்கூட, அவர்களுடைய பிள்ளைகளை வைத்து "இங்கே இப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும்" என்று படத்தில் இடம் விட முடியும்.

நியூகாசில் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஃபவுலர், பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் இனிகோ ஒலால்டே ஆகியோர் அடங்கிய குழு இப்படிச் சேர்த்துப் பார்த்தபோது, 35 பேரில் 27 பேர் ஒரே கொடிவழிக்குள் வந்து விழுந்தார்கள். ஐந்து தலைமுறை. தலைமேல் ஓர் ஆண். அவருக்கு நான்கு பெண்களிடம் பிள்ளைகள். ஐந்து தலைமுறை என்பது, கரிமக் காலக்கணிப்பு முன்பே சொன்ன "சில தலைமுறைகள்" என்பதோடு ஒத்துப்போகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேரும்போதுதான் ஆய்வாளருக்கு நிம்மதி.

தலைவரிடமிருந்து கீழே இறங்கும் கோடுகளில், ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும் கண்ணிகள் 15. பதினைந்தும் ஆண் வழியாகவே போகின்றன. மகள் வழிப் பேரன் என்று ஒருவர்கூட இல்லை. ஆண் வழி, பெண் வழி இரண்டுக்கும் சம வாய்ப்பு இருந்திருந்தால், இப்படித் தற்செயலாக அமைவது 32,000-இல் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே இது ஒரு வழக்கம். நம் ஊரில் பங்காளிகள் என்று எதைச் சொல்கிறோமோ, அந்த வகையறாவின் கல்லறை இது.

அப்படியானால் பெண்கள்? கல்லறையில் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் சரம் வகையறாவின் ஆண்கள் யாரோடும் பொருந்தவில்லை, ஆனால் வகையறாவின் ஒரு பிள்ளையோடு எல்லா இடத்திலும் ஒன்று பொருந்துகிறது என்றால், அவள் வெளியிலிருந்து வந்து இங்கே பிள்ளை பெற்றவள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த வீட்டிலேயே பிறந்த மகள்களில் சிறுவயதில் இறந்த இருவர் இருக்கிறார்கள். வளர்ந்த மகள் ஒருத்திகூட இல்லை. இத்தனை மகன்கள் பிறந்த வீட்டில் மகள்களும் பிறந்து வளர்ந்திருப்பார்கள். அவர்கள் வேறெங்கோ போயிருக்கிறார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில், அந்த வீட்டு ஆட்களோடு அடக்கம் ஆகியிருப்பார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

இந்த அளவோடு நிறுத்தினால் ஆண்வழிச் சமூகம் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் சாவிலின் வரைபடத்தை இந்தக் கொடிவழியின் மேல் வைத்தால் இன்னொன்று தெரிகிறது, இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். நான்கு தாய்மார்களில் இருவருடைய வழித்தோன்றல்கள், எல்லாத் தலைமுறையிலும், மேட்டின் ஒரே பாதியில்தான் வைக்கப்பட்டிருக்கிறார்கள். மற்ற இரு தாய்மார்களின் வழியினருக்கு முதலில் மறுபாதி. பின்னாளில் வடக்கு நடைவழியின் கல்லடுக்கு சரிந்து அடைத்துக்கொண்டதால், அவர்களில் சிலரைத் தெற்கே கொண்டுபோக நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்பன் ஒருவரே என்பதால் அப்பன் வழியை மட்டும் பார்த்தால் இவர்களைப் பிரிக்கக் காரணம் இல்லை. யாருடைய வயிற்றில் பிறந்தவர் என்பதுதான் இடத்தை முடிவு செய்திருக்கிறது. அதுவும் கொள்ளுப்பேரன் காலம் வரைக்கும். இரண்டு அறைகளும் கட்டும்போதே பிரிந்திருந்தன என்பதால், கட்டியவர்கள் மனதில் இந்தத் தாய்வழிப் பிரிவு அப்போதே இருந்திருக்க வேண்டும். முதல் தாரத்து மக்கள், இளைய தாரத்து மக்கள் என்று கிளை பிரித்துச் சொல்லும் நமக்கு இது புரியாத செய்தி இல்லை. எழுத்தறியாத ஒரு சமூகம் நான்கு பெண்களை நூறு ஆண்டுகள் நினைவில் வைத்திருந்ததைக் கல்லும் எலும்பும் சேர்ந்து காட்டுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஒரு புருஷன், நான்கு பெண்டாட்டி" என்று மனம் உடனே படம் போடும். டி.என்.ஏ. பிறப்பைச் சொல்லும், கல்யாணத்தைச் சொல்லாது. நால்வரும் ஒரே காலத்தில் அவருடன் வாழ்ந்தார்களா, ஒருவர் இறந்தபின் இன்னொருவரா என்பதற்கு அதில் விடை இல்லை.

இன்னும் நான்கு ஆண்களின் கதை இருக்கிறது. இவர்களில் ஒவ்வொருவரும், வகையறாவில் ஓர் ஆணுக்குப் பிள்ளை பெற்ற பெண்ணின் மகன். ஆனால் இவருடைய அப்பன் அந்த வகையறாவே இல்லை. சரங்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. தாயோடு பொருந்துகிறார், தாயின் இன்னொரு மகனோடு தாய்வழிப் பூக்கள் மட்டும் பொருந்துகின்றன, வகையறாவின் மற்ற ஆண்களோடு ஒன்றும் இல்லை. தாய் வேறொருவருக்குப் பெற்ற பிள்ளை. என்றாலும் இந்த வகையறாவின் கல்லறையில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ரத்தத்தில் மகன் இல்லாத பிள்ளையை மகன் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றே இதற்குப் பொருள் கொள்ள முடிகிறது.

35 பேரில் மீதி எட்டுப் பேர் இந்தக் கொடியோடு நெருங்கிய ரத்த உறவு இல்லாதவர்கள். அவர்களில் மூவர் பெண்கள். வகையறா ஆண்களோடு வாழ்ந்து பிள்ளை இல்லாமல் போனவர்களாக இருக்கலாம். மகள்களை மட்டும் பெற்று, அந்த மகள்கள் வளர்ந்து வேறு ஊருக்குப் போயிருந்தாலும் இதே நிலைதான், தாயைக் கொடியோடு கட்டும் சான்று இங்கே கிடைக்காது. மற்ற ஐந்து பேரும் வேறு ஏதோ உரிமையில் இங்கே இடம் பெற்றிருக்கிறார்கள்.

இந்த மக்கள் இதே ஊரில்தான் வாழ்ந்தார்களா? பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகி, பிறகு மாறுவதே இல்லை. பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து பல்லுக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் வருகிறது. அதன் இரண்டு வகைகளின் விகிதம் பாறைக்குப் பாறை வேறுபடும். ஹேசில்டன் பற்களை அளந்து 2016-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவர்களின் விகிதம் காட்ஸ்வோல்ட்ஸின் சுண்ணாம்புக்கல்லோடு ஒத்துப்போகவில்லை. குறைந்தது 40 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கும் நிலத்து உணவை அவர்கள் சிறுவயதில் சாப்பிட்டிருக்கிறார்கள். பயிரும் வைத்து, மாடும் வளர்த்து, இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள். அப்படி அலைந்தவர்கள் தங்கள் செத்தவர்களை மட்டும் தலைமுறை தலைமுறையாக இந்த ஒரே மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

ஹேசில்டனை வைத்துப் புதிய கற்காலம் முழுவதுக்கும் சட்டம் எழுதிவிடக் கூடாது. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்ற பெரும் மேட்டில், ஏறக்குறைய 5,200 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட ஓர் ஆணின் இரண்டு சரங்களும் நீண்ட தூரத்துக்கு ஒன்றாகவே இருந்தன. அவரைப் பெற்ற இருவரும் அண்ணன் தங்கையாகவோ, பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்தால்தான் அப்படி வரும் என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் லாரா கேசிடி குழு 2020-இல் எழுதியது. பிரான்சில் பாரிசுக்குத் தென்கிழக்கே குர்ஜி என்ற இடத்தில் மேடு எதுவும் இல்லாத, ஹேசில்டனைவிடப் பழைய ஓர் இடுகாடு. அங்கே 64 பேரைக் கொண்ட, ஏழு தலைமுறைக் கொடிவழி ஒன்றை 2023-இல் வரைந்தார்கள். அங்கேயும் ஆண்வழிதான், அங்கேயும் வளர்ந்த மகள்களைக் காணோம். ஆனால் ஒரு தாய்க்கு இரண்டு அப்பன் பிள்ளைகளோ, ஒரு அப்பனுக்கு இரண்டு தாய்ப் பிள்ளைகளோ அந்த இடுகாட்டில் ஒரு இடத்திலும் இல்லை. ஹேசில்டனில் எங்கு பார்த்தாலும் இருப்பது குர்ஜியில் ஏன் இல்லை என்பதற்கு இன்னும் பல கல்லறைகளின் கொடிவழி வேண்டும், ஒவ்வோர் எலும்பும் கிடந்த இடத்தைக் குறித்த வரைபடத்தோடு.